நெடுஞ்சொல்லைப் பகுத்தல்: ஒலியும் பொருளும்

தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரிக்குள் அடியெடுத்து வைக்கும் மாணவர், முதற் பருவத்திலேயே ஒரு மதிலின்முன் நிற்கக் காண்கிறோம். அம்மதில் கணிதமன்று, அறிவியலுமன்று. பன்னிரண்டும் பதினைந்துமாக எழுத்துகள் தொடர்ந்து வரும் ஆங்கிலச் சொற்களே அம்மதிலின் கற்கள். சுடுமண் ஏன் இறுகுகிறது என்பதைத் தம் ஊர்ச் சூளையின் அருகே நின்று கண்ணாரக் கண்டறிந்த மாணவர்கூட, அதே செய்தி ‘விட்ரிஃபிகேஷன்’ என்னும் பெயர் பூண்டு பாடநூலில் வந்து நிற்கும்போது மலைக்கிறார். மலைத்தவர் என்ன செய்கிறார்? எழுத்தெழுத்தாக நெட்டுருச் செய்கிறார். தேர்வு முடிந்த மறுநாள் அச்சொல் அவரை விட்டு நீங்குகிறது. சொல் நீங்கும்போது பொருளும் உடன் நீங்குகிறது என்பதே நம் கவலை.

ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். உரிமை உண்டு. சொல்லைப் பகுத்தல் தமிழிலக்கணத்தின் பழைய தொழில். செய்யுளின் ஓசையை அளக்க அசை பிரித்தவர்கள் நம் முன்னோர். சொல்லின் பொருளை அளக்கப் பகுதியும் விகுதியும் பிரித்தவர்களும் அவர்களே. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தம் நன்னூலில் பதவியல் என ஓர் இயலையே இதற்கென வகுத்தார். அலகிட்டு வாய்பாடு கூறவும், பகுபத உறுப்பிலக்கணம் எழுதவும் பள்ளியில் பழகிய ஒரு மாணவர், ஆங்கில நெடுஞ்சொல்லைப் பகுக்கத் தேவையான இரு கருவிகளையும் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். வைத்திருப்பதை அவர் அறியவில்லை. நாமும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டுமே என்று கருதி ஒதுக்கும் போக்கு பெருகியதன் விளைவு இது என்றே கருதுகிறோம்.

நம் ஊர்ப் பெயர் கற்பிப்பது

தொலைவில் சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. விருத்தாசலம் என்னும் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். மூவர் தேவாரத்திலும் இவ்வூர் திருமுதுகுன்றம் எனப் போற்றப்பெறுகிறது. பழமலை என்பதும் அதன் பெயரே. முதுகுன்றத்தை வடமொழியாக்கியபோது விருத்தாசலம் ஆயிற்று. ‘விருத்த’ என்றால் முதிய. ‘அசலம்’ என்றால் மலை. அசலத்தையும் மேலும் பகுக்கலாம். ‘சலம்’ அசைவது, சலனம் என்னும் சொல்லில் அதைக் காண்கிறோம். முன்னே நிற்கும் ‘அ’ எதிர்மறை. ஆகவே அசையாதது அசலம், அதாவது மலை. இவ்வொன்றை அறிந்தவருக்கு அருணாசலம், வேங்கடாசலம், இமாசலம் ஆகிய பெயர்கள் எல்லாம் ஒரே சாவியில் திறக்கும் பூட்டுகள்.

இனி அசை பிரிப்போம். முதுகுன்றம் என்பது முது / குன் / றம் எனப் பிரிந்து நிரை நேர் நேர் ஆகும், வாய்பாடு புளிமாங்காய். விருத்தாசலம் என்பது விருத் / தா / சலம் எனப் பிரிந்து நிரை நேர் நிரை ஆகும், வாய்பாடு புளிமாங்கனி. தமிழ்ப்பெயர் காயாக இருந்து வடமொழிப்பெயர் கனியாயிற்றோ என்று வகுப்பில் நகைப்பதுண்டு. நகைப்பு ஒருபுறம் இருக்க, இவ்விரு பெயர்களுக்கும் இடையே ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. முதுகுன்றத்தில் ஒலி பிரியும் இடமும் பொருள் பிரியும் இடமும் ஒன்று: முது, குன்றம். விருத்தாசலத்தில் அவ்வாறில்லை. விருத்த என்பதன் இறுதி அகரமும் அசலம் என்பதன் முதல் அகரமும் கூடி ‘தா’ என்னும் ஒரே நெடிலாகிவிட்டன. ‘தா’ என்னும் அசையின் ஒரு கால் முதுமையிலும் மறுகால் மலையிலும் நிற்கிறது. ஒலியால் பிரிப்பவர் அதனை ஒரு துண்டாக எடுப்பார். பொருளால் பிரிப்பவர் அதனைப் பிளந்தாக வேண்டும்.

சொல்லுக்கு இரு வகைப் பிரிப்பு உண்டு. அவை சில வேளை ஒன்றுபடும், சில வேளை முரண்படும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் ஆங்கில நெடுஞ்சொற்களின் பாதி அச்சம் தீரும்.

(சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனின் இயற்பெயரும் சொ. விருத்தாசலமே என்பதை இலக்கிய மாணவர்கள் அறிவர். 1906இல் கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் அவர்.)

ஒலியால் பிரித்தல்

ஆங்கிலத்தில் ஒலிப்பிரிப்பின் அலகு ‘சிலபிள்’ எனப்படும். கிரேக்கத்தில் ‘சேர்த்துப் பிடித்தது’ என்பது அதன் பொருள். நம் அசைக்கும் அதற்கும் உறவுண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. விருத்தாசலம் நமக்கு மூன்று அசை. ஆங்கில முறையில் எண்ணினால் வி, ருத், தா, ச, லம் என ஐந்து சிலபிள். ஒரு சிலபிளுக்கு ஓர் உயிரொலி என்பதே அங்கே விதி. உயிரெழுத்து என்னாது உயிரொலி என்றதைக் கவனிக்க வேண்டும். ‘கேக்’ என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் இரு உயிரெழுத்துகள் வரும். இறுதியில் நிற்பது ஒலிக்காது. ஆகவே அது ஒரே சிலபிள். நம் மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தமிழில் எழுதியதை எல்லாம் ஒலிக்கிறோம். அங்கே எழுத்து ஒரு வழியும் ஒலி ஒரு வழியுமாகச் செல்கின்றன. கண்ணை நம்பாது காதை நம்புக என்று நாம் கூறுவது அதனாலேயே. சொல்லை வாய்விட்டுச் சொல்லி, தாடை எத்தனை முறை தாழ்கிறது என்று மோவாயில் கைவைத்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறத்தாழச் சரியாக வரும்.

காய்ச்சல் அளக்கும் தெர்மாமீட்டரை எல்லாரும் அறிவோம். ஆங்கிலேயர் வாயில் அது தர், மாம், இ, டர் என நான்காகப் பிரியும். ‘மாம்’ என்னும் துண்டுக்கு யாதொரு பொருளும் இல்லை. பொருளால் பிரித்தால் அச்சொல் இரண்டே துண்டு: தெர்மோ, வெப்பம், மீட்டர், அளவி. ‘மீட்டர்’ என்பதன் முதல் மெய், ஒலிப்பிரிப்பில் முந்தைய துண்டோடு ஒட்டிக்கொண்டது. நம் ‘தா’ செய்த அதே வேலை. நம் மாணவர் ‘தெர்மோ மீட்டர்’ என்று நீட்டி ஒலித்தால் சிலர் நகைக்கின்றனர். ஒலியில் பிழை என்பது மெய்யே. ஆனால் பொருளின் மூட்டை அவர் சரியாகவே கண்டிருக்கிறார். அத்தகையவரைத் திருத்தலாம், நகைத்தல் ஆகாது.

புகைப்படம் பற்றிய சொற்குடும்பம் இன்னும் தெளிவாக இதைக் காட்டும். ஃபோட்டோகிராஃப் என்னும்போது அழுத்தம் முதலில் விழுகிறது. ஃபொடாக்ரஃபர் என்னும்போது அழுத்தம் இரண்டாம் இடத்திற்கு நகர்கிறது. நகரவே பிரிப்பும் மாறுகிறது. பொருட்கூறுகளோ இரண்டிலும் அவையே: ஒளி, வரைவு.

அச்சுத் தொழிலிலும் இச்சிக்கல் உண்டு. வரியின் இறுதியில் ஒரு நெடுஞ்சொல்லை எங்கே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வது? அறிவு என்னும் பொருளுடைய ‘நாலெஜ்’ என்பதைப் பிரிட்டானியர் மூலச்சொல் சிதையாதவாறு ‘நோ’ என்னும் வினைக்குப் பின் முறிப்பது பழைய வழக்கம். அமெரிக்கர் ஒலிப்படி ‘நால்’ என்னும் இடத்தில் முறிப்பர். அமெரிக்கரின் வழக்கத்திற்குப் பெரிதும் வழிவகுத்தவர் நோவா வெப்ஸ்டர். 1783இல் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டு நூலில் சொற்கள் அசையசையாகப் பிரித்துக் காட்டப்பெற்றன. தலைமுறை தலைமுறையாக அமெரிக்கச் சிறார் அதில் பயின்றனர். பின்னர்க் கணினிக்கும் இத்தொழிலைக் கற்பிக்க வேண்டி வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் என்பவர் 1983இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அது பற்றியதே. வரிமுறிவு முனைவர் பட்டத்திற்குரிய பொருளா என வியப்பவர், இடைவெளியும் புள்ளியும் இன்றி எழுதிய ஓலைச்சுவடிகளில் சொல்லுக்கு எல்லை காண உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை நினைவுகூர வேண்டும்.

பொருளால் பிரித்தல்

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என உறுப்புகள் ஆறு. குயவர் தொழிலுக்குரிய வினையை எடுப்போம்: வனைந்தனன். வனை பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. ஆறெழுத்துச் சொல்லில் ஆறு உறுப்பும் அமைந்துவிட்டன. செயல் எது, எக்காலத்தது, செய்தவர் யார் என அனைத்தும் ஒரே சொல்லில். இதை எழுதத் தெரிந்த மாணவர் விட்ரிஃபிகேஷனைக் கண்டு அஞ்சுவானேன்?

‘விட்ரம்’ என்றால் இலத்தீனில் கண்ணாடி. ‘ஃபிக்’ என்பது ஆக்குதலைக் குறிக்கும் வினையின் திரிபு. ‘ஏஷன்’ தொழிற்பெயர் விகுதி. நம் தல், அல், கை போன்றது. கண்ணாடியாக்கல் என்பதே பொருள். நிகழ்வதும் அதுவே. 1200 பாகை செல்சியசை ஒட்டிய வெம்மையில் களிமண் கலவையிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி நுண்துளைகளை நிரப்புகிறது. ஆறியபின் கலம் நீரை உறிஞ்சாத திண்மை பெறுகிறது. செம்மண் பானையில் நீர் கசிந்து குளிர்வதும், பீங்கான் குவளையில் கசியாமையும் இவ்வேறுபாட்டால்தான். சொல்லைப் பிரித்தவுடன் பாடமே கிடைத்துவிட்டதைக் காண்க. முன்னே ‘டீ’ என்னும் அடை சேர்ந்து வந்தால் கண்ணாடித் தன்மை நீங்குதல். புதிதாக நெட்டுருச் செய்ய யாதுமில்லை.

விட்ரம், ஃபிக் இரண்டுக்கும் இடையே ஓர் இகரம் நிற்கிறதே, அது யாது? நம் மாணவர் யாரேனும் இதைக் கேட்டால் நாம் மகிழ்வோம். அதுவே சாரியை. புளியும் பழமும் கூடும்போது புளியம்பழம் என அம் வருவதுபோல, இலத்தீன் கூறுகள் கூடுமிடத்துப் பெரும்பாலும் இகரமும், கிரேக்கக் கூறுகள் கூடுமிடத்துப் பெரும்பாலும் ஒகரமும் இடையே வந்து நிற்கும். தெர்மோமீட்டரின் ஒகரம் அத்தகையதே. அதற்குத் தனிப்பொருள் இல்லை. இரு சொற்களைக் கட்டும் நார் அது.

புணர்ச்சி விதியும் அங்கே உண்டு. நிலம் என்பதும் கரி என்பதும் கூட நிலக்கரி ஆகும்போது மகரம் கெட்டு வல்லினம் மிகுகிறது. கல்லும் தூணும் கூடக் கற்றூண் ஆகிறது. ஆங்கிலத்தில் ‘இன்’ என்னும் எதிர்மறை அடை, ‘பாசிபிள்’ முன் இம் ஆகிறது; ‘லீகல்’ முன் இல் ஆகிறது; ‘ரெகுலர்’ முன் இர் ஆகிறது. வருமொழி முதலெழுத்தின் இனத்துக்கேற்ப நிலைமொழி இறுதி திரிதல் என்று நன்னூல் கற்றவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். கிரேக்க எதிர்மறை அகரம், உயிர்முன் அன் ஆகும். நீரற்றது என்னும் பொருளில் வேதியியலார் வழங்கும் ‘அன்ஹைட்ரஸ்’ என்பதில் அதைக் காணலாம். ஆதியில்லாதது அநாதி என வடமொழியில் ஆவதும் இம்முறையே. கிரேக்கமும் வடமொழியும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை இவ்வோர் அகரமே காட்டிக்கொடுக்கிறது.

அரபு மொழியின் வழி வேறு. பள்ளிவாசல் மக்தபில் ஓதிய பிள்ளைகள் அதை அறியாமலே அறிவர். க, த, ப என்னும் மூன்று மெய்களை எழுதுதல் என்னும் கருத்துக்கு வேராகக் கொண்டால், கிதாப் நூல், காதிப் எழுதுபவர், மக்தூப் எழுதப்பட்டது, மக்தப் எழுதப் பழகும் இடம். மகரம் முன்னிற்கும் இவ்விடப்பெயர் அமைப்பில் ஸஜ்தா செய்யுமிடம் மஸ்ஜித், தர்ஸ் நடக்குமிடம் மத்ரஸா, அமருமிடம் மஜ்லிஸ். தமிழ்ச்சொல்லை மணிகளைக் கோத்த வடம் எனலாம். வெட்டினால் மணி மணியாகக் கிடைக்கும். அரபுச்சொல் நெய்த துணி. வேர்மெய்கள் பாவாகவும் உயிர்கள் ஊடாகவும் ஓடுகின்றன. அதை வெட்டலாகாது, இழை பிரிக்க வேண்டும். எனினும் ‘அல்’ என்னும் சுட்டை மட்டும் எளிதாகக் கழற்றலாம். 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரில் இருந்த ‘அல் ஜப்ர்’ என்பதே அல்ஜீப்ரா. சிதைந்ததைச் சேர்த்துப் பொருத்துதல் என்பது அதன் பொருள். பீங்கான் மெருகுப் பூச்சில் பயன்படும் ‘ஆல்கலி’யும் அவ்வாறே; ‘அல் கலீ’, சுட்ட செடியின் சாம்பல்.

நம் தொழிற்பேட்டைச் சொற்கள்

நம் ஊரில் செராமிக் தொழிற்பேட்டை உண்டு; அத்தொழில்நுட்பத்தில் பட்டயம் பயிற்றும் நிறுவனமும் உண்டு. பொம்மைகளும் மின்காப்பிகளும் இங்கிருந்து செல்கின்றன. ஆகவே நம் மாணவர்க்கு இச்சொற்கள் ஏட்டுச் சொற்கள் அல்ல, வீட்டுச் சொற்கள்.

மின்கம்பத்தின் உச்சியில் வெண்மையாகவும் பழுப்பாகவும் அமர்ந்திருக்கும் ‘இன்சுலேட்டர்’ என்பதைப் பிரித்தால் ‘இன்சுலா’ கிடைக்கும். இலத்தீனில் அது தீவு. மின்கம்பியைக் கம்பத்தின் தொடர்பினின்று விலக்கித் தீவாக்குவது அது. மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதியைத் தீபகற்பம் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘பெனின்சுலா’, ஏறத்தாழத் தீவு. கணையத்தில் தீவுத்திட்டுகள்போல் அமைந்த உயிரணுக் கூட்டங்களில் சுரப்பதால் ‘இன்சுலின்’. மின்வாரிய ஊழியரும் புவியியல் ஆசிரியரும் நீரிழிவு மருத்துவரும் ஒரே இலத்தீன் தீவில் சந்திப்பதைப் பாருங்கள்.

மெருகு பூசுவதற்கு முன் முதன்முறை சுட்ட கலத்தைத் தொழிற்கூடத்தில் ‘பிஸ்கட்’ என்பர். தேநீர்க்கடைப் பிஸ்கட்டும் அதுவே. ‘பிஸ்’ இருமுறை, ‘கட்’ வெந்தது. அடுமனையில் இருமுறை வேகவைத்த ரொட்டிக்கு எழுந்த பெயர், ஒருமுறையே சுட்ட கலத்திற்கு வந்து சேர்ந்தது விந்தை. சொற்பிறப்பு சரியாக இருப்பினும் வழக்கு வேறாக இருக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

சில சொற்கள் பகாப்பதமாகவே நிற்கும். வெண்களிமண்ணுக்குரிய ‘கயோலின்’ என்பதை ஆங்கிலத்துக்குள் எவ்வளவு வெட்டினும் பொருள் வராது. ஏனெனில் அது சீனச் சொல். ஜியாங்சி மாநிலத்துப் பீங்கான் நகரான ஜிங்தெஜென்னின் அருகிலுள்ள ஒரு குன்றின் பெயர் அது. பிரெஞ்சுப் பாதிரியார் தாந்திரகோல் 1712இல் எழுதிய கடிதத்தின் வழியே ஐரோப்பா அதனை அறிந்தது. சீனத்தில் அது பகுபதம்: ‘காவ்’ உயர்ந்த, ‘லிங்’ குன்று. உயர்குன்றத்து மண்ணைக் கொண்டு முதுகுன்றத்தில் கலம் செய்கிறோம் என்பது யாரும் திட்டமிடாத பொருத்தம். பீங்கான் என்பதோ பாரசீகத்துப் ‘பிங்கான்’. கிண்ணம் என்று பொருள். பகர ஒலியும் ககர மென்மையும் இல்லாத அரபியில் அது ‘ஃபின்ஜான்’ ஆயிற்று. இன்றும் அரபு நாடுகளில் காப்பிக் கோப்பைக்கு அதுவே பெயர். வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பிய நம் பெரியோர் அதனைக் கையில் ஏந்தியிருப்பர்.

பிழைபடப் பிரித்தல்

பகுக்கக் கற்ற புதிதில் எதைக் கண்டாலும் வெட்டத் தோன்றும். இங்கே எச்சரிக்கை வேண்டும். வேங்கை என்பது மரமாயின் பகாப்பதம். வேகின்ற கை எனின் இரு சொல். தொழுகை என்பதில் உள்ள கை உறுப்பன்று, தொழிற்பெயர் விகுதி. அசலம் என்பதில் அகரம் எதிர்மறை. அசலும் வட்டியும் என்னும்போது அந்த அகரம் எதிர்மறையன்று. அசல் அரபுச் சொல். ‘அஸ்ல்’ என்பதற்கு வேர், மூலம் என்று பொருள். தோற்றம் ஒன்றாயினும் பிறப்பு வேறு.

ஆங்கிலத்தில் இப்பிழை உயிருக்கே தீங்காகலாம். எரிபொருள் ஏற்றிய வண்டிகளில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று எழுதும் வழக்கம் இருந்தது. ‘இன்’ எதிர்மறை என்று மட்டும் கற்றவர் ‘தீப்பற்றாதது’ எனக் கொள்வார். உண்மைப் பொருள் ‘எளிதில் தீப்பற்றுவது’. இங்குள்ள ‘இன்’ உள்ளே என்னும் பொருளில் வந்தது. தீயுட்படுதல் என்னும் இலத்தீன் வினையின் உறுப்பு. ஆங்கிலம் பேசுவோரே இதில் தடுமாறியமையால், 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதுமாறு வலியுறுத்தியது. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே என்பதை, எண்ணெய்ச் சூளையும் எரிவாயுச் சூளையும் உள்ள ஊரில் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

சூளையின் உட்சுவரில் அடுக்கும் வெப்பந்தாங்கு செங்கல் ‘ரிஃப்ராக்டரி’. இயற்பியல் படித்தவர் ஒளிவிலகலாகிய ‘ரிஃப்ராக்‌ஷன்’ நினைவுக்கு வந்து குழம்புவார். செங்கல் ஒளியை வளைப்பதில்லை. அடங்காத, பிடிவாதமுள்ள என்பதே ரிஃப்ராக்டரியின் பழம்பொருள். சொல் கேளாத பிள்ளையையும் ஆங்கிலத்தில் அச்சொல்லால் குறிப்பர். எத்துணை வெம்மைக்கும் உருகாது பிடிவாதம் பிடிப்பது அக்கல். இத்தகைய இடங்களில் பிரித்துக் கண்ட பொருளை அகராதியோடு ஒத்துப் பார்த்த பின்னரே கொள்ளுதல் வேண்டும். பிரித்தல் ஊகத்துக்கு வாயில்; தீர்ப்பு அகராதியினது.

மருத்துவர் சீட்டில் வரும் சொற்கள்

மாணவரை மட்டும் எண்ணி இதனை எழுதவில்லை. குடும்பத்துப் பெரியோர் கையில் மருத்துவமனைத் தாள்கள் வருகின்றன. அவற்றில் ‘ஹைப்பர்’ என்று தொடங்கினால் மிகை. ‘ஹைப்போ’ என்று தொடங்கினால் குறை. ஓரெழுத்துத் தடுமாற்றத்தில் இரண்டும் மாறிப்போகும். ‘கிளைசீ’ இனிப்பு, ‘ஏமியா’ குருதி நிலை. ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை மிகுதி. ஹைப்போகிளைசீமியா என்றால் குறைவு. குறைந்தவருக்கு உடனே சர்க்கரை தர வேண்டும், மிகுந்தவருக்குத் தரலாகாது. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அழற்சி: மூட்டில் ஆர்த்ரைட்டிஸ், கல்லீரலில் ஹெபடைட்டிஸ். ‘ஓசிஸ்’ என்று முடிந்தால் ஒரு நோய்நிலை.

இவ்விகுதியோடு நம் ஊருக்கு நெருங்கிய சொல் ஒன்று உண்டு: சிலிக்கோசிஸ். ‘சிலிக்கா’ என்பது மணலிலும் குவார்ட்சிலும் களிமண் கலவையிலும் உள்ள பொருள். அதன் மிக நுண்ணிய துகளை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளிழுப்பவரின் நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. முற்றிய நோயை மீட்கும் மருந்து இல்லை. காசநோய்க்கும் அது வழிவிடும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக இது இடம்பெற்றது. சீட்டில் இச்சொல்லைக் கண்டும் அதை வெறும் சளி என்று எண்ணி அதே தூசிக்குள் மறுநாள் செல்லும் தொழிலாளிக்கு, அச்சொல்லின் முற்பாதி நம் தொழிற்கூடத்து மாவையே குறிக்கிறது என்று எடுத்துரைக்க அவர் வீட்டில் கல்லூரி செல்லும் ஒரு பிள்ளை போதும்.

ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற மிக நீண்ட சொல் எது எனப் பொது அறிவுப் போட்டிகளில் கேட்பதுண்டு. 45 எழுத்துகள் கொண்ட அச்சொல்லும் இந்நோயையே குறிக்கிறது என்பது பலரும் அறியாதது. 1935இல் அமெரிக்கப் புதிர் விடுப்போர் கழகத்தின் தலைவராயிருந்த எவரெட் ஸ்மித் அதனைப் புனைந்தார். மருத்துவர்கள் அதை வழங்குவதில்லை. நீளத்திற்காகவே பிறந்த சொல் அது. ஒலியால் பிரித்தால் 19 சிலபிள் வரும். பொருளால் பிரித்தால் ஒன்பதே கூறு: நியூமோனோ, நுரையீரல், அல்ட்ரா, அப்பாற்பட்ட, மைக்ரோ, சிறிய, ஸ்கோப், காணல், இக், பெயரடை விகுதி, சிலிக்கோ, சிலிக்கா, வால்கேனோ, எரிமலை, கோனி, தூசி, ஓசிஸ், நோய்நிலை. நுண்ணோக்கிக்கும் எட்டாத எரிமலைச் சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோய். பகுபதம் ஒன்பது எழுத்தளவும் நீளும் என்று நன்னூலார் வரம்பு கூறினார். இங்கே எழுத்தன்று, கூறுகளே ஒன்பதாக நிற்கின்றன. இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டியபோது, முதலில் சிரித்த வகுப்பு ஏழாம் கூற்றுக்கு வருமுன் தாமே பொருள் கூறத் தொடங்கிவிட்டது.

அவ்வகுப்பிலேயே மற்றொரு சொல்லையும் பிரிக்கக் கொடுத்தோம். கலவைக் கூடத்தில் மூக்கையும் வாயையும் மூடி அணியும் காப்புக்கருவியின் பெயர்: ரெஸ்பிரேட்டர். ‘ரீ’ மீண்டும்; ‘ஸ்பைர்’ மூச்சு; ‘ஏட்டர்’ செய்யும் கருவி. ‘ஸ்பைர்’ வரும் பிற சொற்களை எழுதி வருமாறு கூறினோம். மறுநாள் பதினொன்று வந்தன.